தும்பைக்காடன்

மலையடி மடத்துக்குச் செருப்புத் தைப்பவர் ஒருவர் வந்திருந்தார். பெயர் காளத்தி. வேப்பமரத்தடியில் தோலை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொருவர் காலையும் ஓலைமேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டார். கோட்டுக்குள் அவரவர் பெயரைக் கீறி வைத்தார். செருப்பு ஆள் மாறிப் போகக் கூடாதல்லவா.

எல்லோரும் அளவு கொடுத்தாயிற்று. மிச்சம் ஒரே ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டிய சீடர், ஒரு காலத்தில் படைத்தலைவர். மடத்தில் அவரைப் பெரியவரே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சமையற்கட்டில் விறகுக் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பதினாறு போர் பார்த்த மனிதர் ஒளிந்துகொண்டிருந்தார்.

குரு பூவனத்தம்மை அங்கே வந்தாள். சீடரைவிட இருபது வயது இளையவள்.

"வெளிய வரலையா?"

"அம்மா, அவர் தைக்கிற செருப்பு ரகத்துக்கு என்ன பேருன்னு கேட்டீங்களா?"

"தும்பைக்காடன். அவர் ஊர் தும்பைக்காடு. அந்த ஊர்க்காரங்களையும் அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்."

"என் பேரும் அதுதான்."

மடத்துக்கு வந்த மூன்று வருடத்தில் அவர் தன் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை. அம்மை காத்திருந்தாள்.

"பெத்தவங்க வச்ச பேரில்ல. அந்த ஊரை நாங்க எரிச்சோம். வடக்கு வாசலை வெளியிலேர்ந்து தாழ் போட்டது நான். ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். ஊர்ப் பேரையே எனக்குப் பட்டமாக் குடுத்துட்டார்."

அன்று சீடர் யானைமேல் ஊர்வலம் போயிருந்தார்.

"அவர் அங்க பொறந்ததால அந்தப் பேர் வந்துச்சு. செருப்புக்கு அங்க தச்சதால வந்துச்சு. எனக்கு எரிச்சதால வந்துச்சு. நெசமா அது யாருக்குச் சொந்தம், அம்மா?"

"அவர் காலைப் பாத்தீங்களா?"

சீடர் எட்டிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் செருப்புத் தைப்பவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். பாதம் முழுக்க வெடிப்பு. சில இடங்களில் ரத்தம்.

"ஊர்ப் பேரைப் பட்டமா வாங்கினவரைப் பாக்கிற வரைக்கும் செருப்புப் போடமாட்டாராம்."

"பாத்தா என்னைக் கொன்னுடுவார்."

"இருக்கலாம்."

"வேற ஏதாவது பேர் சொல்லிடட்டுமா?"

"சொல்லலாம். அவர் அடுத்த ஊருக்கு நடப்பார்."

சீடர் விறகுக் குவியலை விட்டு வெளியே வந்தார். பிறகு மரத்தடிக்குப் போய் ஓலைமேல் காலை வைத்தார். கால் ஆடியதில் கோடு கோணிக்கொண்டு போயிற்று. காளத்தி அவர் கணுக்காலை இடக்கையால் பிடித்துக்கொண்டார். தோல் அறுக்கும் கத்தி பக்கத்திலேயே கிடந்தது.

"ஆட்டாதீங்க சாமி. பேரு?"

சொன்னார்.

காளத்தியின் கை நின்றது. அவர் கத்தியை எடுப்பதைப் பார்த்துச் சீடர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கத்தியைத் தூரத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒம்பது வருஷமாத் தேடுறேன் சாமி. அன்னிக்கு நான் சந்தைக்குப் போயிருந்தேன். வடக்கு வாசல்ல நின்னவருக்குத்தான் அந்தப் பட்டம்னு சொன்னாங்க. என் மக அந்த வாசலைப் பாத்துத்தான் ஓடினாளாம். ஏழு வயசு. வாசலைத் தாண்டி எந்தப் பக்கம் போனா? அதை மட்டும் சொல்லிடுங்க."

சீடர் திரும்பி அம்மையைப் பார்த்தார்.

"அவர் உங்களைத்தான் கேக்கிறார்," என்றாள் அம்மை.