முதலில் ஓடுபவை

"அம்மா, வேலப்ப அடிகள் முகம் தெரிஞ்சவன் இந்த மடத்துல இப்போ நான் ஒருத்தன்தான். நாளைக்கு நானும் மகள் வீட்டுக்குப் போயிடுவேன். அதோட அவர் இருந்த தடமே இல்லாமப் போயிடும்."

டாக்டர் சற்குணத்துக்கு எழுபத்தெட்டு வயது. வாழ்நாளெல்லாம் ரத்தப் பரிசோதனை செய்தே கண் தேய்ந்தவர். எதிரே மொச்சை உரித்துக்கொண்டிருந்த தில்லைநாயகி அம்மா இப்போது மடத்தை நடத்துபவர்; மறைந்த வேலப்ப அடிகளுக்குப் பிறகு அவருக்கு இரண்டாவது குரு. வயதில் இருபது இளையவர்.

"அதுக்கு?"

"ஒரு சிலையாவது வையுங்க."

அம்மா ஒரு மொச்சையை உரித்து முடித்தார்.

"டாக்டர், உடம்புல கிருமி நுழைஞ்சா முதல்ல யார் ஓடுவாங்க?"

"வெள்ளை அணுக்கள்ல ஒரு கூட்டம். வந்தவன் யார்னு விசாரிக்காம பாயும்."

"பழைய சண்டை அதுக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்காதுன்னுதான் எங்களுக்குப் பாடம். இருக்குன்னு இப்போ சொல்றாங்க. ஒரு நோயைத் தாண்டின உடம்புல, பின்னாடி வேற நோய் வந்தாலும் அதுங்க வேகமா பாயுமாம்."

"அவ்வளவு ஆயுசா அதுக்கு?"

"எங்கே! சில நாள்ல செத்துடும். இப்போ பாயறதெல்லாம் பிறகு பிறந்தது. பழைய கிருமியைப் பார்த்ததே இல்லை."

"பின்னே ஞாபகம் யாருக்கு?"

"எலும்பு மஜ்ஜைக்கு. அங்கே இருக்கிற தாய் அணுக்கள் அந்தச் சண்டையில மாறிடும். எதிரி முகம் தங்காது. பெத்த பிள்ளைங்க மட்டும் உஷாரா பிறக்கும்."

"அங்கே யாருக்குச் சிலை வச்சிருக்கு?"

டாக்டருக்குச் சுருக்கென்றது.

"கேலி பண்ணாதீங்கம்மா. நீங்களே அவரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தா..."



வாசலில் சத்தம். சந்தையிலிருந்து வந்த குடிகாரன் ஒருவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு மடத்தையும் சாமியையும் சேர்த்து ஏசினான். ஏசியபடியே வாந்தி எடுத்தான்.

மாசிலாமணி ஓடினார். பஸ் கண்டக்டராக இருந்துவிட்டுப் போன வருடம்தான் மடத்தில் சேர்ந்தவர். ஒரு உள்ளங்கையால் குடிகாரனின் நெற்றியைத் தாங்கினார். மறு கையால் தன் துண்டை அவன் மார்பில் விரித்தார்.

"எல்லாத்தையும் எடுத்துடுங்கண்ணே. பாக்கித் திட்டை அப்புறம் திட்டலாம்."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

அறுபது வருடத்துக்கு முந்தைய காலரா வருடம். இதே வாசலில் வந்து விழுந்தவர்களில் ஒருவராக, மீசை அரும்பிய சற்குணம். அந்த நெற்றியில் வேலப்ப அடிகளின் உள்ளங்கை. மார்பில் விரிந்த காவித் துண்டு.

மெல்ல நடந்து வாசலுக்குப் போனார்.

"மாசிலாமணி, இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

மாசிலாமணி கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"எதைங்க, டாக்டர்?"