ஏலச்செடியின் வாக்குமூலம்

செடிகள் தண்ணீர் இல்லாமல்தான் சாகின்றன என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடலாகாது. ஆற அமர ஆராய்ந்தால், தண்ணீர் இன்றிச் செத்த செடிகளைவிட அரசாணையால் செத்த செடிகளே அதிகம் என்பது விளங்கும்.

சான்று வேண்டுவோர் கேட்கட்டும். வெகுகாலத்துக்கு முன்னே, கரிசல் பூமியான நெடுங்குள நாட்டைக் கொற்றவரையன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். அவனுக்கு அமைச்சர் நல்லாதனார். அந்த அமைச்சர் பதவிமேலேயே கண்ணாய் இருந்தவர் கச்சிராயர் என்னும் பிரதானி.

ஒரு பங்குனியில் மன்னன் தன் மைத்துனன் ஆளும் மலைநாட்டுக்கு விருந்துக்குப் போனான். மைத்துனன் தன் தோட்டத்து ஏலக்காயைக் கையில் கொடுத்து, "உங்கள் ஊரில் இதெல்லாம் வராது அத்தான். பார்க்கிற மாதிரி அங்கே என்ன முளைக்கிறது?" என்றான். மன்னனுக்கு வாயிலிருந்த ஏலக்காய் வேப்பங்காயாகிவிட்டது.

சித்திரை பிறந்து, காக்கையும் நிழல் தேடும் வெயிலில் அவன் திரும்பி வந்தான். பின்னால் வண்டி வண்டியாய் ஏலக்கன்றுகள். வந்ததும் வராததுமாய் ஆணை பிறந்தது. "மார்கழியில் மைத்துனன் வருகிறான். அப்போது அரண்மனைத் தோட்டம் முழுக்க ஏலம் நிற்க வேண்டும்."

நல்லாதனார் கன்றுகளைப் பார்த்தார். வானத்தையும் ஒருமுறை பார்த்தார். "அரசே, ஏலம் மரநிழலில், சாரலில், இலை மக்கிய மண்ணில் வளர்வது. நம் கரிசலோ நனைந்தால் களி, காய்ந்தால் கல். போதாக்குறைக்கு இது சித்திரை."

"மன்னர் ஆணையிட்டால் மண் மறுக்குமா?" என்றார் கச்சிராயர்.

"மண்ணுக்குக் காது கிடையாது, பிரதானியாரே."

"பார்த்தீர்களா அரசே, அமைச்சருக்கு மனம் இல்லை. மனம் இல்லாதவர் வேரில் வெந்நீர்கூட ஊற்றுவார். எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் மலையில் ஏலம் போட்டவர்கள். அந்தச் செடியின் மனசு எனக்குத் தெரியும்."

மன்னன் முகம் சிவந்தது. "நல்லாதனாரே, நீரே நடும். செடி வாடினால் உம் முத்திரை மோதிரம் கச்சிராயர் விரலுக்குப் போகும்."

நல்லாதனார் தம் விரலைப் பார்த்துக்கொண்டார். செடி வாடும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. மோதிரம் போனால் போகட்டும். ஆனால் அதன்பின் மதகு திறக்கவும் விதை போடவும் நாள் குறிப்பவர் கச்சிராயர். ஒரே வெள்ளாமையில் நாடு பட்டினி. அந்தப் பயத்தோடு பயமாக, கச்சிராயர் கடைசியாகச் சொன்ன சொல் அவர் மனத்தில் பளிச்சென்று மின்னியது.

"ஆகட்டும் அரசே. ஒரே ஒரு வேண்டுகோள். செடிக்கு வாய் இல்லை; நான் தவறு செய்தாலும் அது சொல்லாது. பிரதானியாருக்கோ அதன் மனசு தெரியும். நடவன்று அவரே செடிகளின் சார்பாகப் பாத்தியில் நிற்கட்டும். அதே மண், அதே வெயில், அதே தண்ணீர். அவர் சொல்வதெல்லாம் செடி சொன்னதாகக் கொள்வோம். அவர் ஒரு குறையும் சொல்லாதிருந்து, பிறகு செடி வாடினால், மோதிரத்தை நானே கழற்றித் தருகிறேன்."

சும்மா நிற்பதற்கு அமைச்சர் பதவியா? கச்சிராயருக்கு வாயெல்லாம் பல். மன்னனும் தொடையைத் தட்டிச் சம்மதித்தான்.

மறுநாள் விடியலிலேயே ஊர் திரண்டுவிட்டது. கன்றுகளை நட்டுப் பாத்திக்குத் தண்ணீர் விட்டார்கள். மன்னன் மலையிலிருந்து கொண்டுவந்து பரிசளித்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கணுக்கால் புதையச் சேற்றில் இறங்கினார் கச்சிராயர்.

"கம்பளி எதற்கு? வெயில் ஏறப்போகிறது" என்றார் நல்லாதனார்.

"அரசர் போர்த்தியதைக் கழற்றுவேனா? உமக்குப் பொறாமை ஓய்."

"எனக்கென்ன. செடியும் மலை உடையோடுதான் வந்திருக்கிறது."

வெயில் ஏறும்வரை பிரதானியார் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு பேச்சும் நின்றது. கம்பளிக்குள் வியர்வை ஊற்றெடுத்தது. உச்சிப்பொழுதில் மேற்சேறு காய்ந்து இறுகிக் கணுக்காலைக் கவ்விக்கொண்டது.

"தண்ணீர்" என்று முனகினார்.

"செடி தண்ணீர் கேட்கிறது, பாய்ச்சுங்கள்" என்று குரல் கொடுத்தார் நல்லாதனார். மடை திறந்தது. கேட்டது வாய்க்கு, வந்தது காலுக்கு. பாத்தி மறுபடி களியாகி அவரை முழங்கால்வரை வாங்கிக்கொண்டது.

பந்தல் நிழலில் பானகம் குடித்தபடி மன்னன் கேட்டான். "என்ன கச்சிராயரே, சௌக்கியமா?"

"அரசே, தங்கள் ஆணையில் குறையே இல்லை. இந்த மண்ணும் இந்த வெயிலும்தான்... மலையில் பிறந்தவன் இங்கே எப்படி நிற்பான்? என்னைப் பிடுங்கி ஏதாவது மரத்தடியில் போடச் சொல்லுங்கள். புண்ணியமாய்ப் போகும்."

நல்லாதனார் அவை எழுத்தரிடம் திரும்பினார். "செடி சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினீரா?"

மன்னன் கச்சிராயரைப் பார்த்தான். அவர் அருகில், அவரைப் போலவே தலை தொங்கி நின்ற கன்றையும் பார்த்தான். பானகம் மூக்கிலேறி, கண்ணில் நீர் வழியச் சிரித்தான். அப்புறம் ஊர் சிரித்ததைக் கேட்க வேண்டுமா? கயிறு கட்டித்தான் பிரதானியாரை வெளியே இழுத்தார்கள்.

"சரி, நல்லாதனாரே. மைத்துனனுக்கு எதைக் காட்டுவது?"

"இந்த மண்ணுக்குப் பிடித்ததை, அதற்குப் பிடித்த மாதத்தில், அரசே."

கன்றுகள் அன்று மாலையே மலைக்குத் திரும்பின. புரட்டாசிக் கடைசியில் மழை இறங்கியதும், அந்த ஈரத்தில் கொத்தமல்லியும் ஊடே பருத்தியும் விதைத்தார் அமைச்சர். மார்கழியில் மைத்துனன் வந்து இறங்கியபோது, கரிசல் தரையே தெரியாமல் வெள்ளை வெள்ளையாய்க் கொத்தமல்லிப்பூ. நடுநடுவே மஞ்சளாய்ப் பருத்திப்பூ. தோட்டம் முழுக்கத் தேனீ இரைச்சல். மைத்துனன் பல்லக்கிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவன், மறுகாலை வைக்க மறந்து நின்றான்.

மன்னன் அங்கேயே, எல்லாரும் பார்க்க, நல்லாதனார் விரலில் இரண்டாவது மோதிரம் ஒன்றைப் போட்டான்.

மைத்துனன் ஊருக்குக் கிளம்பும்போது, நல்லாதனார் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், ஒரு வண்டி பருத்தி விதை வாங்கிப் போனான். ஆனி மாதம், மலையில் மழை பிடித்துக்கொண்டபின், அந்நாட்டு அமைச்சரிடமிருந்து ஓர் ஆள் வந்து நின்றான். கச்சிராயரை, ஒற்றை வேட்டியோடு, கொஞ்சநாள் இரவல் தரமுடியுமா என்று கேட்டான்.