போர்டில் ஏறிய பெயர்

தலைமையாசிரியர் ஆளவந்தார் ஒரு சட்டம் போட்டிருந்தார். வகுப்பில் பேசியவர் பெயரைப் போர்டில் லீடர் எழுதிவிட்டால் விசாரணையே கிடையாது, ஒரு வாரம் வெயிலில் முட்டி போட வேண்டும். பக்கத்துப் பெண்ணின் தலையில் குளவி உட்கார்ந்திருப்பதை அவளிடம் சொன்ன ரஹ்மத், மூன்று நாளாக வெளியே முட்டி போட்டிருந்தாள்.

நாலாம் நாள் அவர் அந்த வகுப்புக்கே வந்தார். “யார் பேசினாலும் எழுதணும். ஒருத்தரை விட்டாலும் உனக்கு டி.சி.தான்” என்று லீடர் செண்பகவல்லியை மிரட்டிவிட்டு, அமைதியின் அருமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

திரும்பிப் பார்த்தால் போர்டில் ஒரே பெயர்: ஆளவந்தார்.

“நான் எதுக்குப் பேசினேன்னு கேக்க வேண்டாமா?” என்று எகிறினார்.

“கேக்கலாங்களா சார்?” என்றாள் செண்பகவல்லி. “அப்ப ரஹ்மத்தை முதல்ல கேட்டுருவோம். அவ பேரு உங்களுக்கு முன்னாடி எழுதினது.”