வெண்காலி துப்பிய மருந்து

மூங்கில் காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தங்கரைப் பொந்தில் ஒரு முள்ளம்பன்றி வாழ்ந்தது. கிழங்கு தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. எது இனிக்கும், எது கசக்கும், எது நாக்கை அரிக்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி.

அந்தக் கோடையில் காட்டெருமைகளுக்கு வயிற்றுப்புழு நோய் வந்தது. பல எருமைகள் தாமாகவே தேறிவிட்டன. வெண்காலி என்ற தாய் எருமை மட்டும் தேறவில்லை. விலா எலும்பு வெளியே தெரிந்தது. பால் வற்றிவிட்டது. கன்று மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு வெறும் வாயோடு திரும்பும்.

வெண்காலியின் முதுகே வீடென்று இருந்த உண்ணிக்கொக்கு முள்ளம்பன்றியிடம் பறந்து வந்தது.

"முதல் மழை விழுந்ததும் மந்தை மலை ஏறிவிடும். வெண்காலியால் ஏற முடியாது. செந்நாய்கள் அதற்காகத்தான் காத்திருக்கின்றன! ஏதாவது செய்யக் கூடாதா?"

"செய்கிறேன்!" என்றது முள்ளம்பன்றி.

அது வெண்காலியின் சாணத்திலிருந்து புழுக்களைப் பொறுக்கி நத்தை ஓடுகளில் விட்டது. ஒவ்வோர் ஓட்டிலும் வெவ்வேறு கிழங்கின் சாற்றை ஊற்றியது. சில சாறுகளில் புழுக்கள் நீந்தி விளையாடின. ஒன்றில் கொழுத்துக்கூடப் போயின! கடைசியில், பாறை இடுக்கில் விளையும் ஒரு கசப்புக் கிழங்கின் சாறு பட்டதும் அத்தனை புழுக்களும் சுருண்டு செத்தன.

முள்ளம்பன்றி முட்களைச் சலசலவென்று ஆட்டிக்கொண்டு குதித்தது. வயிற்றுப்புழுவால் துவண்டு கிடந்த ஒரு சுண்டெலிக்கு அந்தச் சாற்றில் ஒரு துளி கொடுத்தது. மறுநாளே எலி மூங்கில் உச்சியில் ஏறி நின்று, "எனக்குப் பசிக்கிறது!" என்று கத்தியது.

காடே கொண்டாடியது. மயில் ஆடியது. குரங்குகள் முள்ளம்பன்றியைத் தோளில் தூக்கப் போய், கையைக் குத்திக்கொண்டு அலறின. அன்று முதல் அதற்கு 'வைத்தியர்' என்று பெயர்.

பொழுது சாயும் நேரத்தில் வைத்தியர் கிழங்கை அரைத்துப் பெரிய உருண்டையாக்கி வெண்காலிக்குக் கொடுத்தார். அவள் ஒரே விழுங்காக விழுங்கினாள். வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, திருப்தியோடு இரை தேடப் போனார்.

வெண்காலி தேறவில்லை. மீண்டும் உருண்டை கொடுத்தார். மீண்டும் தேறவில்லை. வானத்தில் மேகம் கூட ஆரம்பித்துவிட்டது.

"நீ சரியாகச் சாப்பிடவில்லை!" என்று வைத்தியர் கோபித்தார்.

"உங்கள் கண் முன்னாலேதானே விழுங்கினேன், வைத்தியரே!" என்றாள் வெண்காலி.

வைத்தியர் பொந்துக்கு ஓடினார். புதிய ஓட்டில் புதிய புழுக்களை விட்டுச் சாற்றை ஊற்றினார். "பார், கொக்கே! சாகிறதா, இல்லையா?"

"நத்தை ஓட்டுக்குள்ளே நன்றாகச் சாகிறது. வெண்காலிக்குள்ளேதான் சாக மாட்டேன் என்கிறது!" என்றது கொக்கு. "நீங்கள் நாளைப் பகலில் அவளைப் பார்க்க வாருங்கள்."

"பகலிலா? நான் தூங்குகிற நேரம்!"

"தூங்குங்கள். செந்நாய்கள் விழித்திருக்கும்."

வைத்தியருக்குச் சுருக்கென்றது. மறுநாள் உச்சி வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு வேரில் தடுக்கி விழுந்து, எருமைகள் படுத்திருந்த நிழலுக்கு வந்து சேர்ந்தார்.

வெண்காலி சுகமாக எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன தின்கிறாய்? இங்கே புல்லே இல்லையே!"

"காலையில் தின்றதைத்தான்."

"அது வயிற்றுக்குப் போகவில்லையா?"

"போனது. வந்தது!"

வைத்தியருக்குத் தலை சுற்றியது. அவர் தின்றது எதுவும் ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. எலிக்கும் அப்படித்தான். ஒரு பிராணி அசை போடுவதை அன்றுதான் அவர் முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தார்.

"அப்படியானால் என் மருந்து?"

"கசப்பாக ஒன்று மேலே வரும். சீ என்று துப்பிவிடுவேன். அது உங்கள் மருந்தா?"

"ஐயையோ! ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் ஏன் கேட்கவில்லை?"

கொக்கு சிரித்த சிரிப்பில் வெண்காலியின் முதுகிலிருந்து நழுவியது. வைத்தியர் சிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நீ விழுங்குவது எல்லாமே திரும்பி வருமா? நன்றாக யோசித்துச் சொல்."

வெண்காலி மென்றபடியே யோசித்தாள். "புல் வரும், இலை வரும். ஆற்றுத் தண்ணீரோடு சில சமயம் கூழாங்கல் உள்ளே போய்விடும். அது மட்டும் வந்ததே இல்லை. கனமல்லவா, அடியிலேயே கிடக்கும்."

வைத்தியரும் கொக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அடுத்த நொடியே ஆற்றுக்குப் பறந்தது கொக்கு!

அது கொண்டுவந்த கூழாங்கல்லின் மேல் வைத்தியர் கிழங்கு விழுதை அப்பினார். தண்ணீரில் போட்டதும் விழுது கழன்று மிதந்தது. வேங்கை மரத்துப் பிசின் சேர்த்து மறுபடி அப்பினார். இந்த முறை மிகப் பெரிதாகிவிட்டது.

"இது தொண்டைக்கா, குகை வாயை அடைக்கவா?" என்றது கொக்கு.

சிறிய கல்லாகத் தேடி எடுத்து மீண்டும் செய்தார்கள். அது தண்ணீரில் மூழ்கியது. விழுது மெல்ல மெல்லக் கரைந்தது. வெண்காலி அதை விழுங்கினாள்.

அவள் அசை போடப் படுத்தபோது மந்தையே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையைப் பார்த்தது. உருண்டையாக ஏதோ மேலே ஏறியது. வாய்க்கு வந்தது. அவள் கண்ணை மூடி மென்றாள்.

"என்ன? என்ன?" என்று வைத்தியர் துடித்தார்.

"புல்!" என்றாள் வெண்காலி.

அதன் பிறகு கொக்கு காலையும் மாலையும் சாணத்தைக் கிளறியபடியே இருந்தது. ஒரு காலை அது இறக்கையை அடித்துக்கொண்டு கத்தியது: "செத்த புழு! குவியல் குவியலாகச் செத்த புழு! இவ்வளவு அழகான சாணத்தை நான் பார்த்ததே இல்லை!"

வெண்காலி மேயத் தொடங்கினாள். விலா மறைந்தது. கன்றின் வாயோரம் பால் நுரைத்தது. முதல் மழை கொட்டியபோது மந்தை மலை ஏறியது. நடுவில் வெண்காலி ஏறினாள். அவள் வயிற்றை முட்டி முட்டிக்கொண்டு கன்று ஏறியது. அடிவாரத்தில் நின்ற செந்நாய்கள் நனைந்த வாலோடு திரும்பிப் போயின.

நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் எப்படி வாழ்கிறார் என்று கேட்டறிந்த பிறகே, கண்டுபிடித்த மருந்து நோயைத் தீர்க்கும் மருந்தாகிறது.