அரிசித்தாள் கண்ணாடியான கதை

அந்தக் காலத்தில், விலங்குகளும் மனிதரோடு வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, வியட்நாமில் ஓர் ஆற்றங்கரைக் கிராமம் புலிக்குச் சோறு போட்டே உயிர் பிழைத்துவந்தது. தினமும் பொழுது சாயும் முன் ஒரு வீட்டார் சோறும் இறாலும் பன்றிக்கறியும் வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி மூங்கில் புதரோரம் வைக்க வேண்டும். வைக்க மறந்த வீட்டில் மறுநாள் ஓர் ஆள் குறையும்.

மீன் பிடித்துப் பிழைக்கும் துயென் என்பவளுக்கு இப்படிப் பயந்து பயந்து வாழ்வது அலுத்துவிட்டது. தன் முறை வந்த அன்று பொட்டலத்தின் நடுவே ஒரு பெரிய தூண்டில் முள்ளைப் புதைத்துக் கட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்றோடு தொலைந்தது சனியன் என்று நிம்மதியாகத் தூங்கினாள். புலியை அவ்வளவு லேசாக எடை போட்டிருக்கக் கூடாது, பாவம்.

விடிந்ததும் புலி ஊருக்குள்ளேயே வந்து நின்றது. தாடையெல்லாம் ரத்தம்.

"யாரு கட்டின பொட்டலம்?"

யார் முறை என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அவளைக் காட்டிக்கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். துயெனோ மகளைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள். புலி ஒவ்வொருவராக மோந்துகொண்டே வந்து, துயெனின் மகள் மாய் என்பவளைக் கவ்வி இழுத்துக் காலடியில் போட்டுக்கொண்டது.

"இனிமே இலைப் பொட்டலம் வேண்டாம். உள்ளே இருக்கறது வெளியே தெரியணும். அதுக்காகத் திறந்தும் வைக்காதீங்க, ஈ மொய்ச்ச சோறு எனக்கு ஆகாது. பொழுது சாயறதுக்குள்ள வரலைன்னா இவதான் எனக்குச் சோறு."

துயென் வீட்டுக்கு ஓடினாள். எந்த இலையில் கட்டினாலும் உள்ளே தெரியாதே! அடுப்பில் கொதித்த பானையின் வாயில் ஈ விழாமல் துணி கட்டியிருந்தாள். பதற்றத்தில் முழங்கை பட்டு, அரைத்துவைத்த அரிசி மாவு அந்தத் துணிமேல் சிந்தியது. ஆவியில் அது மெல்லிய தோலாக வெந்தது. குச்சியால் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் அடுப்பு நெருப்பு தெரிந்தது. "ஐயோ, என் தெய்வமே!" என்று அழுதுவிட்டாள். மாவு தீரும்வரை ஊற்றி ஊற்றி எடுத்து, தாள் தாளாக மூங்கில் தட்டியில் காயவைத்தாள்.

சாயங்காலம் புலியின் முன்னால் உட்கார்ந்து முதல் தாளை மடித்தாள். காய்ந்த தாள் படீரென்று உடைந்து, ஓரமெல்லாம் கூர்கூராக நின்றது.

"இதுவும் முள்ளா?" புலியின் நகம் மாயின் தோளில் அழுந்தியது.

துயென் அடுத்த தாளை அவசரமாகத் தண்ணீரில் முக்கினாள். அது துவண்டது. "புண்ணான வாய்க்கு இதமா இருக்கும் ஐயா." இறாலின் சிவந்த முதுகு வெளியே தெரியும்படி அடுக்கி, மேலே கறியும் கீரையும் சோறும் வைத்துச் சுருட்டி நீட்டினாள்.

புலி ஒரு கண்ணை அதன் அருகே கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தது. பிறகு தின்றது. காலை எடுத்தது. மாய் ஓடிவந்து தாயின் மடியில் விழுந்தாள்.

"முள்ளுல உன் கை வாசனை இருந்துச்சு," என்றது புலி. "அதனாலதான் உன் பெண்ணைத் தூக்கினேன். நாளைக்கும் வருவேன். என் கண்ணு முன்னாலதான் சுருட்டணும்."

அன்று பிடித்த பழக்கம்தான், அந்த நாட்டில் இன்றும் அரிசித்தாளைச் சாப்பிடுகிறவர் கண்ணெதிரே தண்ணீரில் நனைத்து, இறால் வெளியே தெரியச் சுருட்டுகிறார்கள். மாயின் வழியில் வந்தவர்கள் மட்டும், புலியே இல்லாத ஊரிலும், முதல் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பார்களாம்.