சுத்தியலைக் கிணற்றில் போட்டவள்

கம்பிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கம்பிச்சேரியில் பிறக்கும் பிள்ளைக்கு முதல் சீர் சுத்தியலடிதான். லேசாக வளைந்திருந்தால் போதும், பட்டறைக் கல்லில் கிடத்தித் தட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நிமிர்த்திவிடுவார்கள். குடும்ப கௌரவமாம்!

அந்த ஊரில் கல்யாணத் தரகு பார்த்தவள் செம்பாயி. கம்பிகளுக்கு எல்லாமே அவசரம். காலையில் தாலி கட்டினால் சாயங்காலம் பிள்ளைகள் வரிசையாக நிற்கும். அவளிடம் வளர்ந்தது சுழலி என்ற குட்டிச் செயற்கைக்கோள். பம்பரம்போல் சுற்றுவது அதன் பிறவிக் குணம். சுழலியின் அக்கா அங்கிருந்து பேசுவதற்கென்று நெட்டைக் கம்பி ஒன்றைத் தலையில் நட்டுக்கொண்டு வானத்துக்குப் போனவள். ஒரு சொல்கூடத் திரும்பி வரவில்லை. அடுத்த முறை சுழலியுடையது.

"அத்தை, நானும் ஊமையாகிவிடுவேனா?"

செம்பாயி முந்தானையை இடுப்பில் செருகினாள். நேரே ஊர்ப் பெரியவர் இரும்பையாவிடம் போனாள்.

"அண்ணாச்சி, உங்கள் நெட்டைப் பிள்ளைகள் பக்கவாட்டில்தான் கத்துகிறார்கள். உச்சிக்கு நேரே நின்றால் ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. சுற்றுகிறவளுக்கு எல்லாத் திசையிலும் வாய் வேண்டாமா?"

"நிமிர்ந்து நிற்பதுதானம்மா கம்பிக்கு அழகு."

"அழகு சோறு போடுமா?"

அவர் காதில் வாங்கவில்லை. அன்று பிறந்த ஒரு கோணல் குழந்தைமேல் சுத்தியலை ஓங்கினார். செம்பாயி அதை வெடுக்கென்று பிடுங்கிக் கிணற்றில் போட்டாள்.

மறுநாளிலிருந்து ஜாதகமும் இல்லை, குலமும் இல்லை. பிறந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகச் சுழலியின் தலையில் ஏற்றிப் பாடவைத்தாள். எதிரே இருந்த மலை காதுகொடுத்துக் கேட்டு, யார் குரல் எட்டுகிறது என்று சொல்லும். எந்தப் பக்கம் திரும்பினாலும் குரல் குறையாதவர்களுக்குள் கல்யாணம். மற்றவர்களிடம், "உலைக்குப் போய் உருகி, வேறு பிறவி எடுத்து வா, கண்ணு" என்பாள். அப்பன் வளைவு பாதி, அம்மா வளைவு பாதி, யாரிடமிருந்தும் வராத புது வளைவு ஒன்று என்று தலைமுறைக்குத் தலைமுறை கோணல் கூடியது.

"முறுக்குப் பிழியத் தெரியாதவள் பிழிந்த முறுக்கு!" என்று ஊர் சிரித்தது.

"சிரியுங்கள், பல் சுளுக்கட்டும்" என்றாள் செம்பாயி.

கடைசியில் பிறந்தாள் கோணலி. ஒரு சாண்கூட நேராக இல்லை அவள். பாடினாள். மலையே எழுந்து நின்றதாம்.

சுழலி அவளைச் சூடிக்கொண்டு கிளம்பியது. கண்ணுக்கு மறைந்தது. ஊரே அண்ணாந்து பார்த்தது. வானத்திலிருந்து குரல் வந்தது.

"அத்தை! கேட்கிறதா?"

"கேட்கிறதடி என் தங்கமே! ஊருக்கே கேட்கிறது!"

குலவைச் சத்தத்துக்கு நடுவே இரும்பையா மெல்ல வந்து, "எந்த வளைவில் இருக்கிறது அந்தக் குரல்?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? பாடினவர்களுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தேன். உங்களைப்போல் நடுவில் புகுந்து தட்டவில்லை, அவ்வளவுதான்."

வானத்துக்குப் போகும் ஆண்டெனாக்களில் சில, யாரோ மிதித்துப்போட்ட கம்பிபோல் கோணிக்கொண்டு நிற்பது அன்று தொடங்கியதுதான். ஏன் இந்தக் கோணல் என்று கேட்டால், செய்தவர்களும் தலையைச் சொறிவார்கள். ஆனால் சுத்தியலை மட்டும் எடுக்க மாட்டார்கள்.