எந்த நேரத்திலும் அழைக்கலாம்

புளியங்குடிக்கு மேற்கே, எலுமிச்சைத் தோப்புகள் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் கோமதியம்மாள் இருந்தார். ஓட்டு வீடு ஒன்று, கிணறு ஒன்று. பத்தொன்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு ஒருநாள் வேலையை விட்டு இங்கே வந்தவர். வயது நாற்பத்து நான்கு. தன்னை யாருக்கும் குரு என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் ஏழெட்டுப் பேர் வந்து அவரோடு இருந்தார்கள். காலையில் பெருக்குவார்கள், தண்ணீர் இறைப்பார்கள், பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்களில் மூத்தவர் நெல்லைநாயகம். அறுபத்தொரு வயது. பணியில் இருந்தபோது அதிகாரிகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர். மனைவி இறந்த மூன்றாம் மாதம் இங்கே வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மனைவியின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசப் போய், பாதியில் அழுதுவிட்டார். கூட்டமும் அழுதது. அதற்குப் பிறகு பல ஊர்களிலிருந்து கூப்பிட்டார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் அவர் பேச்சைக் கேட்க வந்தார்கள். ஒரு வருஷத்தில் பேச்சு நன்றாகப் படிந்துவிட்டது. எந்த இடத்தில் குரல் உடையும், எங்கே நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு இப்போது தெரியும்.

ஒருநாள் அவர் கோமதியம்மாளிடம் கேட்டார்.

“அம்மா, பேசி முடிச்சதும் ஆளுங்க நம்பர் கேக்காங்க. ஒரு விசிட்டிங் கார்டு அடிச்சுக்கிடட்டுமா?”

“அடிங்க.”

“அதுல என்ன போடணும்?”

“கேக்கவங்களுக்கு எது வேணுமோ, அது.”

நெல்லைநாயகம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். பிறகு ஊருக்குள் இருந்த அச்சகத்துக்குப் போனார்.

அச்சகத்தை நடத்தியவர் பர்வீன். முப்பது வயதிருக்கும். கம்ப்யூட்டரில் வடிவமைப்பதும் அவர்தான். நெல்லைநாயகம் கொடுத்த தாளைப் படித்துப் பார்த்தார். பெயர், அதன் கீழே இரண்டு பட்டங்கள், ‘பணி நிறைவு பெற்ற முதன்மைப் பயிற்சி அலுவலர்’, ‘வாழ்வியல் வழிகாட்டி’, ‘துயராற்றுநர்’, ஒரு கைவிளக்குப் படம்.

“சார், இவ்வளவையும் போட்டா எழுத்து எறும்பு மாதிரி ஆயிரும்” என்றார் பர்வீன்.

“ஒண்ணையும் எடுக்க முடியாதும்மா.”

“சரி, விளக்கைச் சின்னதாக்குறேன். பின்பக்கம் காலியா விட்டுரட்டுமா?”

நெல்லைநாயகம் யோசித்தார். பிறகு சொன்னார். “பின்னால ஒரே ஒரு வரி போடு. ‘எந்த நேரத்திலும் அழைக்கலாம்.’”

பர்வீன் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். “எந்த நேரத்திலுமா? எங்க கடை கார்டுல காலை பத்து முதல் இரவு எட்டு வரைன்னுதான் சார் போட்டிருக்கோம்.”

“அது கடை. இது வேறம்மா. ஆறுதலா ஒரு வார்த்தை.”

ஐந்நூறு கார்டுகள் வந்தன. கனமான அட்டை, கையில் வழுக்கும் மெருகு. நெல்லைநாயகம் முதல் கார்டைக் கோமதியம்மாளிடம் கொடுத்தார். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“நல்லாயிருக்காம்மா?”

“நல்லாயிருக்கு.”

“வேற ஒண்ணும் சொல்லலியே?”

“கூப்பிடுறவங்களுக்கு நம்பர் போதும். மத்தது உங்களுக்கு.”

நெல்லைநாயகத்துக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் கார்டுகளைக் கொண்டுபோனார்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பார். வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வைப்பார். கோயிலில் திருநீறு கொடுப்பது போல, முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக் கொடுப்பார். முதல் மாதம் வந்த அழைப்புகளை எல்லாம் எடுத்தார். சிலர் ஒரு மணி நேரம் அழுதார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டார்கள். இரண்டாம் மாதம் சாப்பிடும்போது வந்தால் எடுக்கவில்லை. நான்காம் மாதம் தெரியாத எண்ணாக இருந்தால் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்.

எட்டாம் மாதம் கார்டு தீர்ந்தது. இந்த முறை விளிம்பு வளைந்ததாக, பெயர் தங்க நிறத்தில் மினுங்குவதாக அடிக்க நினைத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் பர்வீனின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் அவருடைய போன் அடித்தது. தெரியாத எண். விட்டுவிட்டார். மறுபடி அடித்தது. நான்காவது தடவை எடுத்தார்.

“நெல்லைநாயகம் சாரா? போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசுதோம். புளியங்குடி பஸ் ஸ்டாண்டுல நேத்து ஒருத்தர் இறந்து கெடந்தாரு. சட்டைப் பையில உங்க கார்டு இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.”

சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியின் பிணவறைக்குப் போனார். தலைமைக் காவலர் மரியபுஷ்பம் அங்கே இருந்தார். துணியை விலக்கிக் காட்டினார்கள். ஐம்பது வயது இருக்கும். நரைத்த மீசை. வெள்ளைச் சட்டை. இடது காதோரம் ஒரு பழைய தழும்பு.

“யாருன்னு தெரியுதா சார்?”

“தெரியல.”

“நல்லாப் பாருங்க.”

பார்த்தார். “தெரியல.”

“டாக்டர் ஹார்ட்டுன்னு சொல்லுதாரு. மஞ்சப் பையில துண்டு ஒண்ணு, சீப்பு ஒண்ணு, அவ்வளவுதான். போன் கூட இல்ல.”

மரியபுஷ்பம் கார்டை எடுத்துக் காட்டினார். முதல் முறை அடித்த கார்டு. மெருகு உரிந்து, வேர்வையில் ஊறி, நடுவில் மடிந்திருந்தது. எட்டு மாதம் யாரோ சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டிருந்த கார்டு.

திரும்பும் வழியில் நெல்லைநாயகம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். ஏன் இறங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. இறந்தவர் கிடந்த பெஞ்சுக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் பெயர் சுடலைமுத்து.

“அந்த ஆளையா கேக்கிய அண்ணாச்சி? நேத்து காலையில வந்தாரு. டீ கூட குடிக்கல. ஒரு போன் பண்ணிக்கிடட்டுமான்னு கேட்டாரு. குடுத்தேன். ஒரு கார்டைப் பாத்துப் பாத்து அடிச்சாரு.”

“பேசினாரா?”

“எங்க பேச? அங்கிட்டு யாரும் எடுக்கல. மூணு தடவ அடிச்சாரு.”

“அப்புறம்?”

“‘சார் வேலையா இருப்பாரு, பாத்துட்டுத் திருப்பிக் கூப்பிடுவாரு. உங்க போன்லதான வரும், நான் இங்கனயே இருக்கேன்’ன்னாரு. அந்தப் பெஞ்சுலதான் இருந்தாரு. ரெண்டு மணி நேரம் இருக்கும். நடுவுல ஒரு தடவ எந்திச்சு வந்து, ‘வந்துச்சா?’ன்னு கேட்டாரு. இல்லன்னேன். போயி உக்காந்துட்டாரு. நான் வடை போடுத வேலையில திரும்பிப் பாக்கல. பொறவு யாரோ சத்தம் போட்டாங்க.”

நெல்லைநாயகம் போனை எடுத்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. பதினொன்று பத்து, பதினொன்று பன்னிரண்டு, பதினொன்று இருபது. மூன்றும் ஒரே எண்.

அந்த நேரம் அவருக்கு நினைவு வந்தது. பர்வீன் இரண்டு தங்க நிறங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த போன் அதிர்ந்தது. நெல்லைநாயகம்தான் அதைக் கவிழ்த்து வைத்தார்.

கோமதியம்மாள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நெல்லைநாயகம் வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் பேச்சில் இந்த முறை எங்கும் நிறுத்தம் இல்லை.

“அம்மா, நான் எடுத்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரா?”

“தெரியாது.”

“நீங்க நர்ஸா இருந்தவங்க. தெரியாதுன்னா எப்படி?”

“நர்ஸா இருந்ததாலதான் தெரியாதுங்கேன்.”

“என்ன சொல்லணும்னு கூப்பிட்டிருப்பாரு?”

“அதைச் சொல்லுத ஆளு இப்ப இல்ல.”

நெல்லைநாயகம் உள்ளே போய்ப் புதிய கார்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். அன்று காலைதான் வந்திருந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

“இதை எரிச்சிருதேன்.”

“எரிங்க.”

அவர் தீப்பெட்டி தேடினார். கோமதியம்மாள் துணியைப் பிழிந்தபடி கேட்டார்.

“எரிச்சா யாருக்கு லேசாகும்?”

நெல்லைநாயகத்தின் கை நின்றது.

“அவர் இப்ப எங்க இருக்காரு?” என்றார் கோமதியம்மாள்.

“ஆஸ்பத்திரியில. ஐஸ் பெட்டியில. யாரும் வரலன்னா சனிக்கிழமை அவங்களே அடக்கம் பண்ணிருவாங்களாம்.”

“யாரும் வரலியா?”

“வரல.”

“நீங்க போயிட்டுத்தான வந்தீங்க.”

“என்கிட்ட கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

கோமதியம்மாள் பிழிந்த துணியைக் கொடியில் போட்டார். கையைத் துடைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தார். நெல்லைநாயகம் பின்னால் போனார்.

அன்று போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பினார்கள். வியாழன், வெள்ளி. இரண்டு நாளும் அவர்கள் பஸ் ஓடத் தொடங்கும்போது சங்கரன்கோவில் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பினார்கள். கோமதியம்மாள் பிணவறை வாசலில் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நெல்லைநாயகம் போலீஸ் கொடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினார். டிரைவர்களைக் கேட்டார், பூக்காரிகளைக் கேட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் தன்னைப் பேசக் கூப்பிட்டவர்களை எல்லாம் ஒவ்வொருவராக அழைத்தார். சிலர் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஆசிரியை பேசினார்.

“காதுகிட்ட தழும்பா? ஆமா சார், எங்க கூட்டத்துக்கு வந்தாரு. எந்த ஊருன்னு தெரியாது. கடைசி வரிசையில நின்னாரு. பக்கத்துல யாரோ கேட்டதுக்கு, பையன் போயி நாப்பது நாள் ஆகுதுன்னு சொன்னாரு. எல்லாரும் போன பொறவு உங்க கையைப் பிடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரே, ஞாபகமில்லையா?”

நெல்லைநாயகம் போனை வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். எத்தனையோ பேர் பிடித்த கை. அந்த ஒரு பிடி அவருக்கு நினைவு வரவில்லை.

புங்க மரத்தடிக்கு வந்து கோமதியம்மாளிடம் அதைச் சொன்னார்.

“பேரு?”

“கிடைக்கல.”

“ஊரு?”

“கிடைக்கல. பையன் செத்துப்போனான்னு மட்டும் தெரிஞ்சது.”

கோமதியம்மாள் தலையசைத்தார். நெல்லைநாயகம் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதார். அதைப் பார்க்க அங்கே கூட்டம் இல்லை. தண்ணீர் கொண்டுவரவும் ஆள் இல்லை.

சனிக்கிழமை காலையும் யாரும் வரவில்லை. உடலை நாங்களே வாங்கி அடக்கம் செய்கிறோம் என்று நெல்லைநாயகம் எழுதிக் கொடுத்தார். மேலே கேட்டு அனுமதி வாங்கி வர பத்து மணி ஆயிற்று. மரியபுஷ்பம் ஒரு படிவத்தைப் பெஞ்சில் விரித்து வைத்து நிரப்பத் தொடங்கினார்.

“இறந்தவர் பேரு தெரியாது. சரி. வாங்குறவங்க பேரு?”

“நெல்லைநாயகம்.”

“என்ன பண்ணுதீங்க சார்?”

“ஒண்ணும் பண்ணல.”

மரியபுஷ்பம் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு கோடு போட்டார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“இறந்தவருக்கு என்ன உறவுன்னு கேட்டிருக்கு. சொந்தமா?”

“இல்ல.”

“கூட்டாளியா?”

“இல்ல.”

“தெரிஞ்சவரா?”

நெல்லைநாயகம் தன் வலது கையைப் பார்த்தார்.

“சார், இந்தக் கட்டத்தைச் சும்மா விட முடியாது. உள்ள வண்டி வேற நிக்குது. நீங்க அவருக்கு யாரு? ஏதாவது சொல்லுங்க.”

நெல்லைநாயகம் திரும்பிக் கோமதியம்மாளைப் பார்த்தார்.

கோமதியம்மாள் எழுந்து வந்தார். படிவத்தில் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தார். பிறகு மரியபுஷ்பத்திடம் சொன்னார்.

“ஒருத்தர் திருப்பிக் கூப்பிடுவாருன்னு அவர் ரெண்டு மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தாரு. அது இவருதான். அதுக்கு என்ன உறவுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, அதை எழுதுங்க.”